முதுகு விட்ட புத்தகங்கள்

கையில் எடுத்ததும் அட்டை ஒரு பக்கமும் தாள்கள் ஒரு பக்கமுமாக ஆடினால், "பைண்டிங் போயிடுச்சு" என்று சொல்லி பைண்டரிடம் கொடுத்துவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அவர் பழைய அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஓரத்தில் குத்தித் தைத்து, மூன்று பக்கமும் கட்டிங் போட்டு, சிவப்பு காலிகோ துணி ஒட்டித் தருவார். அப்புறம் அது அசையவே அசையாது. திறக்கவும் திறக்காது. அப்பாவின் அகராதி இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. உள்ளோரத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்க இரண்டு கையாலும் பிளந்து பிடிக்க வேண்டும். மேல் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதி வைத்திருந்த குறிப்புகளில் பாதி கட்டிங்கில் போய்விட்டன.

அதனால்தான் மிச்சமிருந்த புத்தகங்களை நானே உட்கார்ந்து சரி செய்யத் தொடங்கினேன். வீட்டில் இருந்ததை முடித்ததும் சொந்தக்காரர்கள் கொண்டுவந்தார்கள், அப்புறம் தெருக்காரர்கள். சமையல் புத்தகம், பாட்டுப் புத்தகம், பைபிள், சட்டப் புத்தகம், பெரியம்மா வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைகள் என்று பலவும் கைக்கு வந்தன. பார்த்தவரையில், ஆடுகிற புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு மறுபைண்டிங் தேவையே இல்லை. எங்கோ ஓர் இடத்தில் விட்டிருக்கும். அந்த இடத்தை மட்டும் பிடித்துவிட்டால் மீதிப் புத்தகத்தைத் தொடவே வேண்டாம்.

எங்கே விட்டிருக்கிறது என்று பார்க்க, புத்தகம் எப்படி நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நல்ல தடித்த அட்டைப் புத்தகத்தில் தாள்கள் பாரம் பாரமாக, பெரும்பாலும் 16 பக்கத்துக்கு ஒரு பாரமாக, மடித்து அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாரமும் மடிப்பின் நடுவே நூலால் தைக்கப்பட்டிருக்கும். அந்தத் தையல் முதுகின்மேல் பசை பூசி, மெல்லிய மல் துணி ஒன்றை இரண்டு பக்கமும் விரலகலம் நீட்டி ஒட்டியிருப்பார்கள். அட்டை தனியாகச் செய்யப்படுவது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை, நீட்டி விட்ட அந்தத் துணியும், அட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வெற்றுத்தாளான உள்தாளும்தான். அத்தனை கனத்தையும் அட்டையும் தாள்கட்டும் சேரும் அந்தச் சந்துதான் தாங்குகிறது. முதலில் விடுவதும் அதுதான்.

மேசைமேல் புத்தகத்தைப் படுக்க வைத்து மேல் அட்டையைச் செங்குத்தாகத் திறந்து பிடியுங்கள். தாள்கட்டு அட்டையிலிருந்து நழுவி முன்னால் சாய்கிறதா? உள்தாள் சந்தில் விரிசல் விட்டு மல் துணி தெரிகிறதா? அப்படியானால் சந்து மட்டும்தான் விட்டிருக்கிறது, தையல் நன்றாக இருக்கிறது. நடுவில் எங்காவது நாலைந்து தாள் கொத்தாக வெளியே வருகிறதென்றால் நூல் அறுந்திருக்கிறது. ஒற்றை ஒற்றையாக உதிர்கிறதென்றால் அதில் நூலே கிடையாது, வெறும் பசையால் நின்ற புத்தகம். மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

இதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும். எழுத்தில்லாத ஓரத்தில் ஒரு மூலையை மெதுவாக முன்னும் பின்னும் மடியுங்கள். இரண்டு மூன்று மடிப்பிலேயே மூலை ஒடிந்து கையோடு வந்தால், அந்தத் தாளைத் தைக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது. மரத்தை அப்படியே அரைத்த கூழில் லிக்னின் நிறைய இருக்கும், அது பழுப்பேறும். படிகாரம் சேர்த்துச் செய்த காகிதத்தில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும், அது நாரை அறுத்துவிடும். அந்த நிலைக்கு வந்த புத்தகத்துக்கு என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சந்து விட்டதுதான் எளிது, ஆனால் கை பழகவேண்டிய வேலையும் அதுதான். இதற்கு வேண்டியவை: ஸ்வெட்டர் பின்னும் ஊசிகள் இரண்டு, வெள்ளைப் பசை, பட்டர் பேப்பர், கனமான ஏதாவது. வெள்ளைப் பசை என்று நான் சொல்வது ஃபெவிகால் எம்.ஆர். வகை. மரவேலைக்கு வாங்கும் கெட்டியான டப்பா வேண்டாம், அது காய்ந்தால் மிகவும் விறைத்துவிடும். எம்.ஆரிலும் நான் பாதிக்குப் பாதி மைதாப் பசையைக் கலந்துகொள்கிறேன். அப்போதுதான் சீக்கிரம் காய்ந்து போகாமல், சரி பார்த்து நகர்த்த இரண்டு நிமிஷம் கிடைக்கும்.

புத்தகத்தை நிமிர்த்தி நிற்க வைத்து, அட்டையைக் கொஞ்சம் திறந்து, தலைப்பக்கத்திலிருந்து பாருங்கள். முதுகுத் துணிக்கும் தாள்கட்டுக்கும் நடுவே ஒரு பொந்து தெரியும். அந்தப் பொந்தை ஒட்டவே கூடாது. அது வெறுமையாக இருப்பதால்தான் புத்தகம் விரிகிறது. நமக்கு வேண்டியது அதன் பக்கத்தில், அட்டைக்கும் உள்தாளுக்கும் இடையில் விட்டிருக்கும் மெல்லிய இடுக்கு. ஊசியைப் பசையில் தோய்த்து, சொட்டாதபடி வழித்துவிட்டு, மேலிருந்து அந்த இடுக்கில் இறக்குங்கள். பாதி உயரத்துக்கு இறக்கி, ஊசியை விரலிடையில் உருட்டியபடியே வெளியே இழுத்தால் பசை இரண்டு பக்கமும் பரவும். புத்தகத்தைக் கவிழ்த்து நிறுத்தி, அடிப்பக்கத்திலிருந்து அதையே மறுபடி செய்யுங்கள். பசை ஒரு துளி கூடினாலும் அது பொந்துக்குள் ஓடிவிடும், அதனால் குறைவாகவே எடுக்க வேண்டும்.

இப்போது அட்டையை மூடிப் படுக்க வையுங்கள். உள்தாளுக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர் ஒன்று. வெளியே, முதுகை ஒட்டி அட்டையில் ஓடும் பள்ளத்தில் உலர்ந்த ஊசி ஒன்றை நீளவாக்கில் பதித்து வைக்கவும். அடிப்பக்கமும் ஒன்று. அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் செய்தித்தாள் சுற்றிய இரண்டு செங்கல். எங்கள் வீட்டில் அம்மிக்குழவிக்கு இப்போது இந்த ஒரு வேலைதான். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் எடுத்துத் திறந்தால் அட்டையும் தாளும் ஒன்றாக வரும். பத்துப் புத்தகம் ஆடுகிறதென்றால் ஆறேழு இதிலேயே நின்றுவிடும்.

உள்தாள் முழுவதுமாகக் கிழிந்துவிட்டதென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது புதிய தாளில் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்காமல் வெட்டாதீர்கள். அச்சகக்காரர்கள் கிரெய்ன் என்பார்கள். சின்னத் துண்டு ஒன்றை ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் அது சுருண்டுகொள்ளும். சுருள் எந்த வாக்கில் நீண்டு கிடக்கிறதோ அதுவே நார் ஓடும் திசை. அந்தத் திசை புத்தகத்தின் உயரத்தோடு போக வேண்டும். குறுக்கே போனால் பசை காய்ந்ததும் அட்டை வளைந்து நிற்கும். சென்னையில் இருப்பவர்கள் தாள், அட்டை, காலிகோ எல்லாம் வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் அலைச்சல் மிச்சம்.

பசை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. தாளோடு தாள் சேரும் இடத்தில் மாவுப் பசை மட்டும்தான். காய்ந்த வெள்ளைப் பசையைத் தாளுக்குச் சேதமில்லாமல் எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். மாவுப் பசையை ஈரத் துணி வைத்து இளக வைத்துப் பிரித்துவிடலாம். நாளைக்கு நம்மைவிட விவரம் தெரிந்த ஒருவர் கைக்கு இந்தப் புத்தகம் போகலாம், அவருக்கு வழி விட்டுவைப்பது நல்லது. ஒரு கரண்டி மைதாவை ஐந்தாறு கரண்டி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெண்மை மங்கிப் பளபளப்பு வரும். அதன் பிறகும் சில நிமிஷம் வேக வேண்டும். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் பிழிந்து வடிகட்டினால் கட்டி நின்றுவிடும். இரண்டு நாளைக்கு மேல் ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள்.

பைண்டர்கள் இந்தப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி வராது என்று. பூச்சி வராமல் இருக்கலாம். ஆனால் அதில் இருப்பது செம்பு, செம்பு தாளின் நாரை வேகமாக அரிக்கும். எனக்குத் துத்தம் போட்ட பசையை விட, பசையை மெல்லிசாகப் பூசி நன்றாகக் காயவிடுவதில்தான் நம்பிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்கவே மாட்டேன். ஈரக்காற்றில் பசை காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். மாசி, பங்குனி நல்ல மாதம். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் தாள் நெளிந்துவிடும். வேலை நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடவும், இல்லாவிட்டால் பசை தடவிய தாள் பறந்துபோய்ச் சட்டையில் ஒட்டும்.

பாரம் ஒன்று நூலறுந்து வந்துவிட்டால் அதை மட்டும் திரும்பத் தைக்கலாம். மடிப்பின் நடுவே பழைய ஊசித்துளைகள் இருக்கும். புதிதாக ஒன்றும் குத்த வேண்டாம், அந்தத் துளைகளிலேயே மெழுகு தடவிய மெல்லிய பருத்தி நூலை விட்டு, முதுகுப் பக்கம் வரும்போது பக்கத்துப் பாரத்தின் தையலுக்கு அடியில் நுழைத்து வாங்கி, மறுபடி உள்ளே போக வேண்டும். கடைசியில் முடிச்சு மடிப்புக்குள் விழட்டும். நூலை இழுக்கும்போது முதுகுக்கு இணையாக இழுக்கவும். மேல்நோக்கி இழுத்தால் தாள் துளையிலிருந்து கிழிந்துவிடும். பாரங்கள் மொத்தமாகக் கலைந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பழைய அச்சுக்கோத்த புத்தகங்களில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் புத்தகப் பெயரின் முதலெழுத்தும் ஓர் எண்ணும் பொடி எழுத்தில் இருக்கும். கிழிந்து பக்க எண்கள் போன புத்தகத்தைக்கூட அதை வைத்து வரிசைப்படுத்திவிடலாம்.

நூலில்லாத புத்தகங்கள், அதாவது முதுகை வெட்டிச் சூடான பசையில் நிறுத்தும் பெர்ஃபெக்ட் பைண்டிங், இப்போது வரும் பேப்பர்பேக் எல்லாமே அநேகமாக அதுதான். பசை வருஷக்கணக்கில் விறைத்துப்போய், ஒருநாள் விரித்தால் படக்கென்று இரண்டாகும். ஒன்றிரண்டு தாள் மட்டும் உதிர்ந்தால் உள்ளோரத்தில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாவுப் பசை தடவி உள்ளே செருகினால் போதும். மொத்தமும் உதிர்ந்தால் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாள்களைத் தட்டி ஒன்றாக்கி, இரண்டு பலகைக்கு நடுவே முதுகு கொஞ்சம் வெளியே நீட்டியபடி பிடித்துக்கொண்டு, முதுகை ஒரு பக்கம் சாய்த்து விசிறியாக்கி வெள்ளைப் பசை பூச வேண்டும். அப்புறம் மறுபக்கம் சாய்த்து இன்னொரு முறை. இப்படிச் செய்தால் ஒவ்வொரு தாளின் விளிம்பிலும் இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை பசை ஏறும். ஜெர்மனியில் 1930களில் எமில் லும்பெக் என்பவர் இந்த முறையைப் பரவச் செய்தார், அங்கே இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நான் மாவுப் பசைப் பிடிவாதத்தை விடுவது இங்கே மட்டும்தான்.

இனி தொடர்கதைகள். தமிழ் வீடுகளுக்கே உரிய சொத்து இது. 50களிலும் 60களிலும் கல்கியிலும் ஆனந்த விகடனிலும் வந்த தொடர்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்ளாத வீடு குறைவு. பெரியம்மா வைத்திருந்தவற்றைப் பிரித்துப் பார்த்தபோது கதையைவிட அதன் பின்பக்கங்களில் எனக்கு நேரம் போய்விட்டது. சோப்பு விளம்பரம், பாதியில் நிற்கும் சிறுகதை, படம் இருந்து வாசகம் வெட்டுப்பட்ட துணுக்கு. அந்தச் சிறுகதைகளின் முடிவு இனி யாருக்கும் கிடைக்கப்போவதில்லை.

இந்தக் கட்டுகளின் சிக்கல் வேறு. பத்திரிகைத் தாள் மடிப்போடு இருந்தால்தான் பாரமாகத் தைக்க முடியும். கிழித்தெடுத்தவை ஒற்றைத் தாள்கள், அதனால் பைண்டருக்கும் குத்துத் தையலைத் தவிர வழியில்லை. ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தடித்த நூலால் தைத்திருப்பார். ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் தாள் வளைவது அந்தத் துளை வரிசையில்தான். நாளடைவில் முதல் நாலைந்து தாளும் கடைசி நாலைந்து தாளும் தபால்தலையைக் கிழித்தெடுத்த மாதிரி அந்த வரிசையோடு கிழிந்து வந்துவிடும். நடுவில் இருப்பவை பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். ஆகவே, தையலை முழுக்க அறுக்காதீர்கள். கிழிந்து வந்த தாள்களுக்கு மட்டும் உள்ளோரத்தில் மெல்லிய நீள்நார்த் தாளை விரலகலப் பட்டையாக ஒட்டி, கிழிந்த நீளத்தைத் திரும்பக் கொடுத்து, காய்ந்ததும் கட்டின்மேல் மாவுப் பசையால் சேர்க்கலாம்.

பட்டைக்கு ஜப்பானில் கோசோ செடியின் நாரில் செய்யும் தாளைவிடச் சிறந்தது கிடையாது. விலை அதிகம்தான், ஆனால் ஒரு தாள் பல புத்தகங்களுக்கு வரும். அதைக் கத்தரியால் வெட்டக் கூடாது. ஸ்கேலை வைத்து ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் கையால் பிய்த்தால் ஓரம் பஞ்சாகப் பிரிந்து வரும். அந்தப் பஞ்சு நார்தான் பழைய தாளில் படிந்து பிடிக்கிறது. நேராக வெட்டிய ஓரம் என்றால் அந்தக் கோட்டிலேயே பழைய தாள் அடுத்து ஒடியும். ஒட்டும் பட்டை எப்போதும் தாளைவிடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். இழுபட்டால் பட்டை கிழியட்டும், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

கட்டுக்குள் பத்திரிகையின் கம்பிப் பின் எங்காவது தங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். மடிப்பின் உட்புறத்தில் பின்னின் இரண்டு காலையும் மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, மறுபக்கத்திலிருந்து தூக்க வேண்டும். துருக்கறையை எடுக்கிறேன் என்று எலுமிச்சம்பழம், உப்பு என்று இறங்காதீர்கள். கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

செல்லோடேப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என்னிடம் வரும் புத்தகங்களில் விரிந்ததால் கெட்டதைவிட டேப் போட்டுக் கெட்டதுதான் அதிகம். மேலே உள்ள பிளாஸ்டிக் சில வருஷத்தில் தானே கழன்றுவிடும், ஆனால் பிசின் தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நிற்கும். அதை வீட்டில் எடுக்க முடியாது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பதும் அதே கதைதான், உருகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். ஓலைச்சுவடிக்குத் தைலம் பூசுவார்களே என்று தாளில் எண்ணெய் தடவிக் கொண்டுவந்தவரும் உண்டு. ஓலை வேறு, தாள் வேறு. இன்னொன்று, சொன்னால் வீட்டில் கோபித்துக்கொள்கிறார்கள்: சரஸ்வதி பூஜையில் காலிகோ அட்டைமேல் நேரே சந்தனம் வைப்பது. பழைய பைண்டிங் துணிக்குக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள், ஈரம் பட்ட இடத்தில் கஞ்சி கரைந்து வட்டமாகக் கறை விழும். மேலே ஒரு காகித உறை போட்டு, அதில் வைத்தால் அம்மன் ஒன்றும் சொல்லமாட்டாள்.

பைண்டரைக் குறை சொல்லவே இதையெல்லாம் எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். எனக்கு நூலுக்கு மெழுகு போடுவதையும், முதுகைத் தட்டி வளைவு கொடுப்பதையும் காட்டிக் கொடுத்தவர் திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டர்தான். முதல் தடவை அவரிடம் குத்துத் தையல் வேண்டாம் என்றபோது, "குத்திட்டா ஆயுசுக்கும் அசையாதும்மா" என்றார். "அசையாது அண்ணே, விரியவும் விரியாதே" என்றேன். "விரிச்சு யாரும்மா படிக்கிறா? அலமாரியில வைக்கத்தானே எல்லாரும் கொண்டாறாங்க" என்று சிரித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சேர்த்துத் தைத்துக் கொடுத்தால் போதும் என்று கேட்டால் அவர் அதைத்தான் செய்வார். கெட்டி அட்டை உடைந்த பெரிய புத்தகங்களை இப்போதும் அவரிடம்தான் கொடுக்கிறேன். கொடுக்கும்போது முதல் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்துவிடுவேன்: கட்டிங் வேண்டாம், குத்துத் தையல் வேண்டாம், பழைய அட்டையும் முதுகில் உள்ள பெயரும் திரும்ப வேண்டும், பாரம் பாரமாகத் தைக்கவும். கூலி இரண்டு மூன்று மடங்கு ஆகும். பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம், அவர் உட்கார்ந்து செய்கிற நேரம் அத்தனை.

சரி செய்த புத்தகம் மறுபடி விடுவதும் விடாததும் கையாளுவதில் இருக்கிறது. அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் தலையில் விரலை மாட்டி இழுக்கிறோமே, முதுகுத் துணி மேலே கிழிவது அதனால்தான். பக்கத்துப் புத்தகங்கள் இரண்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதை இடுப்பில் பிடித்து எடுக்கலாம். ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அமுக்குவதைவிட போனில் படம் எடுப்பது புத்தகத்துக்கு நல்லது. அடையாளத்துக்குப் பேனாவை வைத்து மூடுவதையும், கல்யாணப் பத்திரிகைகளைச் செருகி வைப்பதையும் நிறுத்தினாலே சந்தின் பாரம் பாதி குறையும்.

மூலை மடித்தால் ஒடிகிற புத்தகங்களுக்கு வருகிறேன். அவற்றைத் தைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம். முதலில் அதே புத்தகம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படிப்பதற்கு அது போதும், வீட்டுப் பிரதியைப் புரட்டாமல் வைக்கலாம். எங்கும் இல்லையென்றால் தூக்கிப் போடுவதற்கு முன் அந்த நூலகத்தாரைக் கேளுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தவற்றில் நாடக நோட்டீசும் அழைப்பிதழும்கூட இருந்தன. நமக்குக் குப்பையாகத் தெரிவதை அவர்கள் தேடிக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் வைத்துக்கொள்வதென்றால் ஒரு பெட்டி செய்துவிடுங்கள். புத்தகத்தின் நீள, அகல, கனத்தைவிட 3 மில்லிமீட்டர் கூட்டி, கனமான அட்டையைச் சிலுவை வடிவில் வெட்டி, நாலு பக்கமும் மேலே மடியும்படி கோடு அழுத்தினால் போதும், பசையே வேண்டாம். உதிர்ந்த தாள்களை வரிசை மாறாமல் உள்ளே அடுக்கி, நாலு மடிப்பையும் மூடி, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, படுக்கைவாட்டில் வையுங்கள். வெளிச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஓதம் காக்கும். பெட்டியின் ஓரத்தில் பெயரைப் பென்சிலால் எழுதிவிடவும், இல்லாவிட்டால் அடுத்த தடவை வீடு சுத்தம் செய்பவர் அதைச் சட்டைப் பெட்டி என்று நினைத்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார்.